கடைமடைத் தேதிகள்

மார்ச் 3, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. 'ழ' வயிறு ஊதிப்போய் நிற்கிறது. 'ஞ' எந்தப் பக்கம் சுழியும் என்று ஒவ்வொரு முறையும் சுவரில் ஒட்டிய அட்டையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், இதைப் படிக்கப்போகிறவனும் நான்தான். என்னிடமே கேட்டுக்கொண்டேன். மன்னித்தும் விட்டேன்.

எழுபத்தொரு வயதில், நாலு மாதமாக, சலவைக்கடை மாடியில் மாலை வகுப்பு. "முதல்ல தேதி போடுங்க, மத்ததெல்லாம் தானா வரும்" என்று டீச்சர் சொன்னார். போட்டுவிட்டேன். வந்துகொண்டும் இருக்கிறது, மாட்டுவண்டி மேடு ஏறுவதுபோல.

இன்று பக்கத்தில் யாரும் இல்லாமல், யாரும் எடுத்துக் கொடுக்காமல், நானாகவே ஒரு தாளைப் படித்தேன். பம்ப் அறைக் கதவில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்தபோது கைதட்ட வேண்டும்போல இருந்தது. அப்புறம்தான் அது என்ன சொல்கிறது என்று தலைக்குள் இறங்கியது.

"கடைமடை நிலம் தொடர்ந்து விளைச்சல் தராததால் அடுத்த பருவம் முதல் தண்ணீர் முறையிலிருந்து நீக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் மே 10 கூட்டத்தில் சொல்லலாம்."

கடைமடை நிலம் என்னுடையது. நான் முதன்முதலில் சொந்தமாகப் படித்தது என் நிலத்தின் சாவு ஓலையை.

கீழே தண்ணீர்ச் சங்கத் தலைவியின் கைரேகை. அந்தக் கட்டைவிரலை எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் காதைத் திருகிய விரல். என் அக்கா.

மார்ச் 5, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். விஷயத்தை எழுதி வைக்கிறேன், பிறகு ஞாபகம் குழம்பக் கூடாது.

ஒரே வாய்க்கால், ஒன்பது நிலம், எல்லோரும் பீன்ஸ். அப்பா பங்கு பிரித்தபோது பம்புக்குப் பக்கத்தில் இருந்த தலைமடை அக்காவுக்கு, வாய்க்கால் முடிகிற கடைமடை எனக்கு. தண்ணீர் தலைமடையில் தொடங்கும். ஆளுக்கு இரண்டரை நாள். முறை மாறும்போது சங்கச் செயலாளர் விசில் ஊதுவார், அதனால் அவருக்கு விசில் என்றே பெயர். எனக்கு விசில் ஊதும்போது அக்கா நிலத்தில் செடி முழங்கால் உயரம்.

நான் விதைத்த செடி முளைக்கும், மூன்றாம் வாரம் மஞ்சளாகும், தரையோடு தண்டு வீங்கி வெடிக்கும், சாயும். நாற்பது வருடமாக இதுதான். மண் செத்துவிட்டது என்று ஊரே சொல்லிவிட்டது. நானும் நம்பினேன்.

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா அழுவே. தாள்ல போட்டா உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"படிச்சேன்."

கத்தி நின்றது. "யாரு படிச்சுச் சொன்னது?"

"நானேதான்."

"பெரிய கலெக்டரு! டேய், உனக்கு ஊத்துற தண்ணி வீணா மண்ணுக்குள்ள போகுது. மத்த ஏழு பேரும் என்னைக் கேக்குறாங்க, தம்பின்னு பாக்குறியான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"தம்பிதான்னு சொல்லு."

"போடா. எழுத்து படிச்சதும் செடி பயந்துகிட்டு நேரா நிக்கப்போகுதாக்கும்!"

வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர் அவளுக்கு. எனக்கு எதனால் என்று எழுத மாட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

கோபம். மூன்று எழுத்துதான். எழுத அரை மணி நேரம் ஆனது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத ஒரு பக்கம் போதாது. கை வலித்தாலும் நிறுத்தப்போவதில்லை.

புதுப் பட்டியல் மாட்டியிருக்கிறார்களா என்று பம்ப் அறைக்குப் போனேன். உள்ளே சுவரில் ஒரு நீள ஆணி. ஒவ்வொரு பருவமும் தண்ணீர் முறைப் பட்டியலை அதில் குத்துவார்கள். பழையதைக் கழற்றுகிற வழக்கம் யாருக்கும் இல்லை. புதியதை மேலே குத்திவிட்டுப் போய்விடுவார்கள். எத்தனையோ வருடமாக அந்த ஆணிக்குப் பக்கத்தில் நின்று பீடி பிடித்திருக்கிறேன். அது எனக்கு வெறும் தாள்கட்டு. இன்று அது பேசியது.

பதினோரு வருடம், இருபத்திரண்டு தாள். இரண்டை எலி தின்றிருந்தது. ஒவ்வொன்றிலும் முதல் வரி தலைமடை, கடைசி வரி கடைமடை, நடுவில் இருபது நாள். திருப்பிக்கொண்டே போனேன். இருபது, இருபது, இருபத்தொன்று, இருபது.

பதினாறாவது தாளில் கை நின்றது. கடைமடை முதல் வரியில் இருந்தது! தலைமடை கடைசி.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதேதான். புது மடைக் கதவுகளைக் கடைசியிலிருந்து பொருத்திக்கொண்டு வந்த பருவம் அது. கதவு போட்ட நிலத்துக்கு முதலில் தண்ணீர் விட்டார்கள்.

அந்தப் பருவம் எனக்கு முப்பத்தி நாலு மூட்டை. அதற்கு முன்னும் பின்னும் ஒன்பதைத் தாண்டியதில்லை. மகனுக்குக் கல்யாணமான பருவம், அதனால் மருமகள் கால் வைத்த ராசி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அதே பருவத்தில் அக்காவின் நிலம்தான் மஞ்சளாகச் சாய்ந்தது! நான் கண் வைத்துவிட்டேன் என்று மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

மண் அதே மண். ஆள் அதே ஆள். மாறியது தேதி மட்டும்.

கடைசியாக விதைக்கிறவன் நிலம் சாகிறது. அவ்வளவுதானா? அவ்வளவுதான்! நாற்பது வருடம் மண்ணைத் திட்டினேனே.

மருமகளிடம் சொன்னேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், எதையும் சுற்றி வளைக்க மாட்டாள்.

"அப்போ என் ராசி இல்லையா மாமா?"

"இல்லம்மா."

"நல்லதாப் போச்சு. அடுத்த பருவம் ஒன்பது மூட்டையா இறங்கினப்ப அந்த ராசி எங்க போச்சுன்னு உங்க அக்கா என்னைத்தானே கேட்டாங்க. இப்ப அவங்களுக்குப் பதில் சொல்லிடுங்க."

மார்ச் 16, திங்கள்

காலையில் விசில் ஊதினார். தலைமடைக்குத் தண்ணீர் பாய்ந்தது. அக்கா விதைத்தாள்.

நானும் விதைத்தேன்.

தண்ணீர் ஏது என்று கேட்டால், துணி அலசிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், மருமகள் வேனைக் கழுவிய தண்ணீர். ஒரு வாரமாக டிரம்மில் சேர்த்தேன். தள்ளுவண்டியில் பன்னிரண்டு நடை. எட்டு வரிசை, வரிசைக்கு ஐம்பது விதை. இடுப்பு என்னுடையது இல்லை என்பதுபோல இருக்கிறது.

அக்கா வாய்க்கால் கரையோடு வந்து பார்த்தாள்.

"சோப்புத் தண்ணியில விவசாயமா? காய் வந்தா கழுவ வேண்டியதில்ல."

"உன் முறைத் தண்ணியில ஒரு சொட்டு எடுக்கல அக்கா."

"எடுத்துப் பாரேன்."

எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். என் எட்டு வரிசையைத் தடுக்க எந்தத் தாளிலும் விதி இல்லை. படித்துப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

முளைத்துவிட்டது. எட்டு வரிசையும். முன்னூற்றுத் தொண்ணூற்றேழு. மூன்று விதை ஏமாற்றிவிட்டது. மூன்றின் மேலும் எனக்கு வருத்தம் இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

வகுப்பில் டீச்சர் 'உங்களுக்குப் பிடித்த பூ' பற்றி எழுதச் சொன்னார். பீன்ஸ் பூ என்று எழுதினேன். என்ன நிறம் என்று கேட்டார். "கடைமடையில அது அதிகம் பார்த்ததில்ல டீச்சர், பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எனக்கு விசில். மீதி நிலத்தில் விதைத்தேன். வாய்க்காலில் இருந்து என் நிலத்துக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் ஒரு கம்பி வலை இருக்கிறது. மேல் நிலத்துக்காரர்கள் பிடுங்கிப் போடுகிற வாடிய செடியெல்லாம் மிதந்து வந்து அதில் சிக்கும். எப்போதும்போல அள்ளி, விதைத்த வரிசையில் மூடாக்காகப் பரப்பினேன். ஈரம் காக்கும், மக்கினால் உரம், அதுவும் இனாம். நாலு வரிசைக்கு வந்தது. மற்ற வரிசைகள் வெறும் மண்.

ஏப்ரல் 17, வெள்ளி

புது முளைகளின் முதல் இலையில் ஊசி குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள். நூற்றுக்கணக்கில். குனிந்து பார்த்தேன். எள்ளைவிடச் சின்னதாக, கறுப்பாக, பளபளவென்று ஈக்கள். கையை ஆட்டினால் எழுந்து மறுபடி உட்காருகின்றன, சொந்த வீட்டுக்கு வந்ததுபோல.

முன்னால் விதைத்த எட்டு வரிசையிலும் முளைத்த புதிதில் புள்ளி இருந்தது. ஆனால் அங்கொன்று இங்கொன்று. இப்போது அந்தச் செடிகளின் தண்டு என் சுண்டுவிரல் தடிமன். ஈ அதைச் சீண்டுவதில்லை.

ஏப்ரல் 25, சனி

இன்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுவேன். என்னிடமே மறைத்தால் அப்புறம் எதற்கு நோட்டு?

பிந்திய வரிசைகள் மஞ்சளாகிவிட்டன. ஒரு செடியைப் பிடுங்கி, பழைய பிளேடால் தண்டைக் கீறினேன். வீங்கிய இடத்தில், தோலுக்கு அடியில், பழுப்பு நிறத்தில் கூடுகள். சீரகத்தில் பாதி இருக்கும். ஒரே தண்டில் ஏழு.

இதுதான் அந்த ஈ. இலையில் முட்டை, புழு தண்டுக்குள் இறங்கி, அடியில் கூடு, மறுபடி ஈ. மார்ச்சில் அக்கா நிலத்தில் நாலு ஈ வந்திருக்கும். அவள் நிலம் பெரிதாகப் பாதிக்கப்படாது. அந்த நாலு நாற்பதாகி அடுத்த நிலத்துக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு. நான் விதைக்கும்போது மொத்தக் கும்பலும் பசியோடு வந்து நிற்கிறது, பிஞ்சுத் தண்டு வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான்.

வெட்கம் அதில் இல்லை. ஒரு சந்தேகம் வந்து, வலையில் சிக்கியிருந்த குப்பைச் செடி ஒன்றையும் கீறினேன். அதிலும் கூடு. அடுத்ததிலும் கூடு.

இனாம் உரம்! நாற்பது வருடம் ஈயைக் கட்டுக்கட்டாக அள்ளிவந்து, என் பிள்ளைச் செடி காலடியில நானே பரப்பி வெச்சிருக்கேன். யார்கிட்ட சொல்லி அழ? யாரை அடிக்க?

வலைக் குப்பையில் இருபது தண்டைக் காபித்தூள் பாட்டிலில் போட்டு மூடி, மூடியில் துணி கட்டி வைத்தேன். பார்ப்போம், நான் சொல்வது சரியா என்று.

ஏப்ரல் 30, வியாழன்

பாட்டிலுக்குள் ஈ. பதினெட்டு வரை எண்ணினேன், அப்புறம் ஓடின. நல்லது. ஓடுங்கள். கூட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

மருமகள் பார்த்துவிட்டு, "மாமா, இந்த பாட்டில்ல இனிமே காபித்தூள் போட மாட்டேன்" என்றாள். "போடாதே" என்றேன்.

மே 6, புதன்

எண்ணினேன். இரண்டு நாள் எண்ணினேன்.

மார்ச் 16 விதைத்த எட்டு வரிசை: 397 செடியில் 31 செத்தது.

ஏப்ரல் 5 விதைத்தது, குப்பை போட்ட நாலு வரிசை: 198இல் 161.

அதே நாள் விதைத்தது, குப்பை போடாததில் நாலு வரிசை: 199இல் 117.

குப்பை என் தப்பு. தேதி என் தப்பு இல்லை.

மே 10, ஞாயிறு

கூட்டம் பம்ப் அறை வாசலில். ஆளுக்கொரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அக்கா நாற்காலியில். பக்கத்திலேயே அவள் வீட்டுச் சமையலுக்காகப் புதிதாக ஊன்றிய இரண்டு பாத்தி பீன்ஸ், முளைவிட்டு நாலு நாள் இருக்கும்.

விசில் கேட்டார்: "ஆட்சேபம் இருக்கா பெரியவரே?"

"இருக்கு. எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

நோட்டைத் திறந்து படித்தேன். ஆணியில் இருந்த தேதிகள், மூட்டைக் கணக்கு, ஈ, குப்பை, செத்த செடி. தடுக்கித் தடுக்கித்தான் படித்தேன். இரண்டாம் மடைக்காரர் கொட்டாவி விட்டார். "சீக்கிரம் படிங்க, மழை வந்துடும்" என்றார். அதற்காகவே அந்த வரியை இரண்டாம் முறை படித்தேன்.

விசில் சொன்னார்: "நோட்டுல எழுதினா உண்மையாயிடுமா?"

"நீ ஆணியில குத்தினா ஆகுதுல்ல?"

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "எள்ளு மாதிரி ஒரு ஈ, நிலத்தையே கொல்லுமா? மண்ணு செத்துப்போச்சுடா. ஒத்துக்கோ. மானமா முடிச்சுக்கலாம்."

பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். அவளுடைய பாத்தி ஓரமாகப் போய்க் குனிந்து, துணியின் முடிச்சில் கை வைத்தேன்.

"சரி அக்கா. மண்ணுதானே காரணம். உன் மண்ணு நல்ல மண்ணு. இந்த ஈயைத் தொறந்து விடட்டுமா?"

"டேய்!" நாற்காலி சாய்ந்தது. "மூடுடா அதை! கிட்டப் போகாதே!"

"ஏன் அக்கா, எள்ளு மாதிரி ஈ."

"தம்பி, சொன்னா கேளு. மூடு."

மூடித்தான் இருந்தது. முடிச்சை நான் அவிழ்க்கவே இல்லை. அவிழ்த்திருக்கவும் மாட்டேன். ஆனால் எட்டுப் பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மண்தான் கெட்டது என்று அதன்பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அக்கா நாற்காலியை நிமிர்த்திப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "முதல்ல உனக்குத் தண்ணி விட்டா, கடைசியில அந்த ஈ எனக்குத்தானே வரும். நான் என்னடா பாவம் பண்ணினேன்?"

"நான் என்ன பாவம் பண்ணினேன் அக்கா? இத்தனை வருஷமா?"

பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"எனக்கு முதல் முறை வேண்டாம்" என்றேன். "இருபது நாள் இடைவெளிதான் வேண்டாம். எல்லாரும் கிட்டக்கிட்ட விதைச்சா, அது பெருகி வர்றதுக்குள்ள எல்லார் தண்டும் முத்திடும். என்கிட்ட எட்டு வரிசை நிக்குது, வந்து பாருங்க."

அக்கா விசிலைப் பார்த்தாள். "விதை முளைக்கிற அளவுக்கு மட்டும் நனைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாள் போதும்."

"அப்போ முதல் சுத்து ஆளுக்கு ஒரு நாள். ஒன்பது நாள்ல எல்லாரும் விதைச்சு முடிச்சிருக்கணும். அப்புறம் பழையபடி இரண்டரை நாள். பிடுங்குற செடியை வாய்க்கால்ல போடக் கூடாது, அவனவன் குழி தோண்டிப் பொதைக்கணும். யாருக்காவது வயித்தெரிச்சல் இருந்தா இப்பவே சொல்லுங்க."

இரண்டாம் மடைக்காரர் மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார்.

"ஒரு பருவம்தான்" என்று என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். அதே கட்டைவிரல். "அதுலயும் மஞ்சளாச்சுன்னா, பட்டியல்ல கடைமடையை நீயே உன் கையால அடிச்சுடணும்."

"அடிக்கிறேன். பேனா என்கிட்டதான் இருக்கு."

கதவில் ஒட்டியிருந்த தாளை விசில் கிழிக்கப் போனார். அக்கா தடுத்தாள். "என் ரேகை இருக்குற தாளு. நான் கிழிக்கிறேன்."

மே 11, திங்கள்

யோசனை அக்காவுடையது என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்களாம். இருக்கட்டும். என் நோட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

காலையில் யாருக்கும் தெரியாமல் வந்து எட்டு வரிசையையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். செருப்புத் தடம் அவளுடையது, இடது கால் இழுக்கும்.

பீன்ஸ் பூ வெள்ளை. டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 14, ஞாயிறு

எட்டு வரிசையில் பறித்தது, மீதி நிலம் முழுவதும் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகம். ஒரு கூடையை அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். "சோப்பு வாசனை அடிக்குதே" என்றாள். கூடையைத் திருப்பித் தரவில்லை.

ஜூலை 1, புதன்

அக்கா ஆள் அனுப்பினாள். புதுப் பட்டியலை நான் எழுத வேண்டுமாம். விசிலுக்குக் கோபம். "அவரு எழுதினா யாருக்குப் புரியும்?" என்றார்.

"தேதியை வெச்சு இவ்வளவு சண்டை போட்டவன் அவன்தானே. அவனே எழுதட்டும். தப்பாப் போனா அவன் தலையில கட்டலாம்" என்றாள் அக்கா.

பம்ப் அறைப் பெட்டிமேல் தாளை வைத்து எழுதினேன். ஒன்பது வரி, ஒன்பது தேதி. எட்டில் தொடங்கிப் பதினாறில் முடிகிறது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா பக்கத்திலேயே நின்று, மையில் விரலைத் தோய்த்து அழுத்தினாள். பிறகு பழைய தாள்களுக்கெல்லாம் மேலே நானே குத்தினேன்.

ஜூலை 9, வியாழன்

நேற்றுத் தலைமடை, இன்று இரண்டாம் மடை. விசில் சத்தம் தினமும் கேட்கிறது, பட்சி கூவுவதுபோலப் பழகிவிட்டது. என் கம்பி வலை சுத்தமாக இருக்கிறது, ஒரு செத்த செடி இல்லை.

காலையில் பம்ப் அறைப் பக்கம் போனேன். மூன்று பேர் ஆணிக்கு முன்னால் தலையைச் சாய்த்துச் சாய்த்து என் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். "இது ஏழா, ஒன்பதா?" என்று இரண்டாம் மடைக்காரர் கேட்டார்.

"ஒன்பது" என்றேன். "உங்க தேதிதான். இன்னைக்கு."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கோணல் எழுத்துதான். ஆனால் அதைப் பார்த்துத்தான் ஒன்பது பேரும் மடை திறக்கிறார்கள். இனி இதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை, என்னிடம்கூட.

விதையைப் பொறுக்கி வைத்துவிட்டேன். அந்த எட்டு வரிசையில் எடுத்த விதை. இந்த முறை நிலம் முழுவதற்கும். அடுத்த வியாழன் பதினாறாம் தேதி, இரவு எவ்வளவு இடுப்பு வலித்தாலும், இந்த நோட்டைத் திறந்து, மேலே தேதி போட்டு, கீழே ஒரு சொல் எழுதுவேன்: விதைத்தேன்.